ஆழத்து ராஸ் மீன் மலைநாட்டுக்கு ஏறினால்: ஹீட்டர் வேண்டாமா?

பெப்ரவரி 2, மாலை (ஹட்டனிலிருந்து கேள்வி)

ருப்ரிஸ்குவாமிஸ் என்று பெயர் போட்டு, ஃபேரி ராஸ் என்ற சின்னக் கடல்மீனில் ஒரு ஆணும் இரண்டு பெண்ணும் கீழே கடையில் விலைக்கு வந்திருக்கிறது. இலங்கைக் கடலில் ஐம்பது அறுபது மீற்றர் ஆழத்தில் பிடித்ததாம். ஆழத்துத் தண்ணி என்றால் குளிர்ந்த தண்ணிதானே? கொழும்பில் தண்ணியைக் குளிர்விக்கும் சில்லர் வைத்துக் கரண்ட் பில் கட்டுகிறவர்களைவிட நமக்குத்தான் இது தோதான மீன் என்று நினைக்கிறேன். 200 லீற்றர் தொட்டி, நுவரெலியாவில் அக்கா வீட்டில் வைக்கப் போகிறேன். ஹீட்டர் இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

பெப்ரவரி 2, இரவு

கணக்குப் பிழை தம்பி. ஆழம் என்ற சொல் இரண்டு இடத்தில் ஆளை ஏமாற்றும். ஒன்று குளிர், மற்றது அழுத்தம்.

குளிரை முதலில் முடிப்போம். இந்த மீன் இருப்பது ஆழ்கடலில் இல்லை. ஏறத்தாழ 40 முதல் 70 மீற்றர் வரை, வெளிச்சம் மங்கிக்கொண்டு போகும் சரிவில். நம் கடலில் அந்த ஆழத்துத் தண்ணி மேல்தண்ணியைவிடக் கொஞ்சம்தான் குளிர்ச்சி. 20 டிகிரியைக் காண வேண்டுமென்றாலே நூறு மீற்றர் அளவுக்கு இறங்க வேண்டும். நுவரெலியாவின் வருடச் சராசரி 16 டிகிரி சுமார். ஹீட்டர் இல்லாத தொட்டி அந்தச் சூட்டில்தான் நிற்கும், சனவரி பெப்ரவரிப் பனிக்காலத்தில் இன்னும் கீழே போகும். அது ராஸின் வீடு இல்லை, அதற்கு நூறு மீற்றர் கீழே இருக்கும் அயலானின் வீடு.

24 டிகிரியில் நிறுத்து. 200 லீற்றருக்கு 150 வாட் ஹீட்டர் இரண்டு. ஒரே 300 வாட் வேண்டாம். அது ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால் விடியும்போது மீன் குழம்பு. இரண்டில் ஒன்று ஒட்டினாலும் குளிர் அறையில் 150 வாட்டால் தொட்டியைக் கொதிக்க வைக்க முடியாது, ஒன்று செத்தாலும் மற்றது ஓரளவு தாங்கும்.

பெப்ரவரி 3

பெயரைப் பற்றி. கடைக்காரர் ஒட்டியிருப்பது பழைய பெயர்.

சிரிலாப்ரஸ் என்பது ஃபேரி ராஸ்களின் குடும்பப் பெயர் மாதிரி. சிரிலாப்ரஸ் ருப்ரிஸ்குவாமிஸ் என்பது 1983ல் ரான்டல், எமரி என்ற மீன் ஆய்வாளர்கள் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் கிடைத்த ஒரே ஒரு குஞ்சை வைத்து விவரித்த இனம். பிறகு மாலைதீவில் கிடைத்த பெரிய மீன்களை அதன் வளர்ந்த உருவம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சாகோஸ் அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தெற்கே. 2022ல்தான் அதைப் பிரித்து சிரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்று தனிப் பெயர் வைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த அஹமட் நஜீப் மாலைதீவுக்காரர். தங்கள் கடலின் மீன் ஒன்றுக்குப் பெயர் சூட்டிய முதல் மாலைதீவு ஆய்வாளர் அவர்தான். ஃபினிஃபென்மா என்றால் திவேஹி மொழியில் ரோஜா, அந்த நாட்டின் தேசியப் பூ.

புதிய இனம் மாலைதீவிலும் இலங்கையிலும் மட்டுமே அறியப்பட்டது. சாகோஸைச் சுற்றி 2010ல் கடற்காப்பகம் அறிவித்துவிட்டார்கள். ஆகவே அங்கிருந்து கடைக்கு மீன் வருவது நடக்கிற காரியம் இல்லை. இலங்கையில் பிடித்தது என்று சொல்கிறார் என்றால் உன் கையில் வரப்போவது ஃபினிஃபென்மா. பெயர் கிடைக்கும் முன்பே பல வருடம் மீன் பெட்டியில் ஏறி வெளிநாடு போய்க்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. பிடித்தவர் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு.

பெப்ரவரி 3, பிற்பகல் (பண்டாரவளை)

நுவரெலியாவுக்கு ரோஜா புதிதா அண்ணே? அக்கா வீட்டு முற்றத்திலேயே நாலு செடி நிற்கும்.

பெப்ரவரி 3, பிற்பகல்

இதற்கும் முள் உண்டு. முதுகுத் துடுப்பில் 11. வலையில் பிடித்தால் துணியில் சிக்கிக் கிழியும். பிளாஸ்டிக் கோப்பையால் அள்ளு.

பெப்ரவரி 4

பையும் மலையும். ஏற்கெனவே கடல்மீன் ஏற்றியவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்கு விளக்கம்.

கடல் மட்டத்தில் கட்டிய ஒக்சிசன் பை கினிகத்தேனை தாண்டும்போதே விறைக்கத் தொடங்கும், தலவாக்கலையில் மத்தளம். காரணம் எளிது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்றழுத்தம் கீழே இருப்பதில் 80 வீதம். உள்ளே இருக்கும் 4 லீற்றர் வாயு 5 லீற்றராக விரியும். ஹட்டனில் 14 வீதம் அழுத்தம் குறையும், 4 லீற்றர் 4.7 லீற்றர் ஆகும். கண்டிக்குப் போகிறவர்களுக்குக் கவலை இல்லை, 6 வீதம்தான்.

கடையில் பையை இறுக ஊதித்தான் கட்டித் தருவார்கள். அது ஏற்றுமதிப் பழக்கம். நீ சொல்லிக் கட்ட வேண்டும்: வாயு கொள்ளும் இடத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வேண்டாம், விரலால் அமுக்கினால் குழிய வேண்டும். மீனுக்கு ஒரு பை, வெளியே இன்னொரு பை. கீழ்மூலை இரண்டையும் மடித்து ரப்பர் வளையம் போடு. மெலிந்த மீன் மூலையில் செருகிக்கொண்டால் செவுள் அசையாது. ரெஜிபோம் பெட்டி கட்டாயம், றம்பொடைப் பக்கம் வந்தாலும் நானுஓயாப் பக்கம் வந்தாலும் கடைசி ஒரு மணித்தியாலம்தான் சூடு இறங்கும்.

வழியில் பை விறைத்துவிட்டதே என்று கட்டை அவிழ்க்காதே. பைக்குள் மீன் விட்ட கரியமில வாயுவால் தண்ணி புளித்திருக்கும், அதனால் அமோனியா நச்சுக் குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். திறந்ததும் வாயு பறக்கும், புளிப்பு இறங்கும், அதே அமோனியா செவுளைச் சுடும். வீட்டுக்கு வந்த பிறகும் இதே கதைதான். பையைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகத் தண்ணி விடும் பழைய முறை ஏழெட்டு மணித்தியாலப் பயணத்துக்குப் பின் கெடுதி. கடைத் தண்ணியின் உப்பு எவ்வளவு என்று முன்னமே கேட்டு, புது மீனை முதலில் விடும் தனிமைத் தொட்டியை அதே அளவில் வை. மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்து. பிறகு திற, கோப்பையால் மீனை மாற்று, பைத்தண்ணியைக் கொட்டு.

மீனின் காற்றுப்பைக்கும் இதே விரிவுதான். ஆனால் நுவரெலியாவுக்கு ஏறுவது கடலில் 2 மீற்றர் மேலே வருவதற்குத்தான் சமம், பயப்பட ஒன்றுமில்லை.

பெப்ரவரி 5

நேற்று எழுதியதில் கடைசி வரி அரைகுறை. அழுத்த வித்தியாசத்தை மட்டும் பார்த்து 2 மீற்றர் என்றேன். காற்றுப்பைக்கு வித்தியாசம் கணக்கில்லை, விகிதம்தான் கணக்கு. 1க்கு 0.8 என்றால் நாலில் ஒரு பங்கு விரிவு. கடலில் அதே விரிவு வர 2.5 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வர வேண்டும். எண் பெரிதாக மாறவில்லை, ஆனால் இந்த விகிதம் புரிந்தால்தான் அடுத்தது புரியும்.

50 மீற்றரில் அழுத்தம் 6 மடங்கு. அங்கிருந்து 20 மீற்றருக்கு ஏறினால் 3, காற்றுப்பை இரட்டிப்பு. 20லிருந்து 5 மீற்றருக்கு 1.5, இன்னொரு இரட்டிப்பு. அதாவது முதல் 30 மீற்றர் செய்யும் வேலையை அடுத்த 15 மீற்றர் செய்துவிடுகிறது. கடைசிப் பத்து மீற்றரில் மட்டும் தனியே ஒரு இரட்டிப்பு. ராஸுக்குக் காற்றுப்பையிலிருந்து வாய்க்குக் குழாய் கிடையாது, ஏப்பம் விட்டுத் தப்ப முடியாது. இரத்தம் மெல்ல மெல்ல வாயுவை உறிஞ்சி எடுக்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். நல்ல சுழியோடி கூடையைக் கயிற்றில் நிறுத்தி நிறுத்தி மேலே எடுப்பார். அவசரக்காரர் ஊசியால் குத்திக் காற்றை இறக்குவார்.

பெப்ரவரி 5, இரவு (பண்டாரவளை)

குத்தின மீனை எப்படிக் கண்டுபிடிப்பது? அதோடு, அழுத்தமே இல்லாத தொட்டியில் ஆழத்து மீன் எப்படி உயிரோடு இருக்கிறது?

பெப்ரவரி 6

இரண்டாவது கேள்விக்கு முதலில். மீனின் தசை பெரும்பாலும் தண்ணி, தண்ணி நசுங்காது, விரியாது. இந்த ஆழத்தில் தொல்லை வாயுவால் மட்டும்தான். காற்றுப்பை ஒருமுறை மேல்தண்ணிக்குச் சமப்பட்டுவிட்டால் கதை முடிந்தது.

முதலாவது: பக்கத் துடுப்பை விரிக்கும்போது அதன் பின்னால் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளியோ சிவந்த வட்டமோ இருக்கிறதா பார். இருந்தால் உடனே தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. சுத்தமான குத்து ஆறும். தள்ள வேண்டியது நீந்தத் தெரியாத மீனை: வால் மேலே தலை கீழே நிற்பது, தரையில் வயிறு பட உட்கார்ந்து எழும்போது தத்தளிப்பது, நின்ற இடத்தில் நிற்கப் பக்கத் துடுப்பை ஓயாமல் அடிப்பது. பிடித்து இரண்டு கிழமையாவது கடைத் தொட்டியில் நின்று சாப்பிட்ட மீனை மட்டும் வாங்கு. நேற்று வந்த மீனை இன்று மலை ஏற்றினால், பாதி விரிந்த காற்றுப்பைக்கு மேல் இன்னும் கால் பங்கு விரிவைச் சுமத்துகிறாய்.

பெப்ரவரி 8

ஹீட்டரைப் பற்றியே பேசிக்கொண்டு பெரிய விசயத்தை விட்டுவிட்டோம். மலைநாட்டில் இந்த மீனைக் கொல்வது குளிர் இல்லை, காற்று.

25 டிகிரிக் கடல்தண்ணி கடல் மட்டத்தில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் ஒக்சிசன் பிடிக்கும். அதே தண்ணி நுவரெலியாவில் 5.3 தான், ஹட்டனில் 5.8. இது முழுக்க நிறைந்த நிலையில் உள்ள அளவு, இதற்கு மேல் காற்றுக்கல் போட்டும் ஏற்ற முடியாது. ஓயாமல் நீந்தி மிதவை உயிரி பொறுக்கும் மீனுக்கு இது இறுக்கமான கணக்கு. அதனால்தான் 26 வேண்டாம், 24 என்றேன். தண்ணி குளிரக் குளிர ஒக்சிசன் கூடப் பிடிக்கும்.

செய்ய வேண்டியது: பவர்ஹெட் (தண்ணியை ஓடவைக்கும் சிறிய பம்ப்) ஒன்றைத் தண்ணி மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் கீழே, மேல்நோக்கிச் சாய்த்து வை. மேற்பரப்பு முழுக்க நெளிய வேண்டும். நுரையால் அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர் இரவிலும் ஓடட்டும். கீழே ஐந்து மீன் வைப்பவர் இங்கே நாலு வைக்கலாம். புழுவுக்கோ ஒட்டுண்ணிக்கோ ஃபோமலின் போடுகிறவர்கள் இரண்டு மடங்கு கவனம். அந்த மருந்தே ஒக்சிசனைத் தின்னும், ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு இல்லாத தண்ணியில் போடுகிறீர்கள்.

கரண்ட் போனால் எல்லோரும் சூட்டுக்கு ஓடுகிறார்கள். முதலில் காற்று. பற்றரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். மூடாத 200 லீற்றர் தொட்டி பனி இரவில் மணிக்கு அரை டிகிரிக்கு மேல் இறங்கும், மூன்று பக்கமும் கம்பளி சுற்றினால் பாதியாகக் குறையும். கொழுந்து எடுக்கப் போர்த்திய பழைய கம்பளி போதும்.

பெப்ரவரி 9 (வெலிமடை)

உப்பு கலக்க பீலித் தண்ணி (மலை ஊற்றிலிருந்து வருவது) பாவிக்கலாமா? குளோரின் இல்லையே.

பெப்ரவரி 9

குளோரின் இல்லை, சரி. பீலிக்கு மேலே தேயிலை மலை இருந்தால் உரம் போட்ட கிழமையில் மழை பெய்ததும் நைத்திரேற்று வரும். சோதித்துப் பார்த்துவிட்டு எடு, மழை நாளில் எடுக்காதே. மற்றபடி நம் பீலித் தண்ணி மென்மையானது, உப்புப் பக்கற்றில் போட்டிருக்கும் அளவு அப்படியே பொருந்தும்.

பெரிய பொறி வேறு. குளிர்ந்த வாளியில் உப்பைக் கரைத்து, உப்பளவு காட்டும், முள் ஆடும் ஹைட்ரோமீற்றரால் அளப்பது. அந்த முள் 25 டிகிரிக்கு அடையாளமிட்டது. 15 டிகிரித் தண்ணி அடர்த்தி கூடியது, முள் உயர்ந்து நிற்கும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு காட்டுகிறது என்று நிறுத்திவிடுவாய், உண்மையில் 32 கூட இருக்காது. வாளியில் ஒரு ஹீட்டர் போட்டு 25க்குக் கொண்டுவந்து, ஒரு இரவு பம்பால் கலக்கி, பிறகு அள. லீற்றருக்கு 36 கிராம் சுமாரில் தொடங்கு.

இன்னொன்று. குளிர் அறையில் சூடான தொட்டி நிறைய ஆவியாகும். உப்பு போகாது, தண்ணி மட்டும் போகும். கண்ணாடியில் கோடு கிழித்து, தினமும் அந்தக் கோட்டுக்கு நல்ல தண்ணி ஊற்று. சுவரில் ஈரம் ஊறும், ப்ளக் பலகையைத் தொட்டிக்கு மேல் மட்டத்தில் ஆணியடிக்காதே.

பெப்ரவரி 12

தரை. சிரிலாப்ரஸ் கூட்டம் உயர்ந்த பவளச் சுவரில் தொங்குவதில்லை. உடைந்த பவளத் துண்டு பரவிய சரிவுக்கு மேலே ஒரு முழம் இரண்டு முழம் மிதந்து, ஓட்டத்தில் வரும் மிதவை உயிரியைக் கொத்தும், நிழல் விழுந்தால் துண்டுகளுக்குள் பாயும். ஹிக்கடுவையில் மூக்குக் கண்ணாடி போட்டு மிதந்து பார்த்தால் இந்த மீன் தெரியாததற்கு அதுதான் காரணம், அந்த இடமே வேறு.

ஆகவே கல்லை மலையாகக் குவிக்காதே. பெருவிரல் அளவிலிருந்து மூடிய கை அளவு வரை துண்டுகள், தொட்டியின் மூன்றில் ஒரு பங்குத் தரையில், 6 சென்ரிமீற்றர் உயரம். கடலிலிருந்து பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம், அதை விட்டுவிடு. பீங்கான் துண்டு நல்லது. டொலமைட் கட்டியும் ஆகும், மாத்தளை திகனைப் பக்கத்தில் தோண்டுவதுதான். தேயிலைக்குப் போடும் தூள் வேண்டாம், மாதம் முழுக்கத் தண்ணி பாலாக நிற்கும். துண்டுக் குவியலுக்குள் அழுக்கு தங்கும், பின்பக்கம் சிறிய பம்ப் ஒன்று அடியால் வீசட்டும்.

பெப்ரவரி 12, இரவு

வெளிச்சம். சிவப்பு ஒளி முதல் பத்து மீற்றரில் பெரும்பாலும் வடிந்துவிடும். 50 மீற்றரில் நீலம்தான். ரோஜா நிற மீன் அங்கே சாம்பல் நிறமாகத்தான் தெரிய வேண்டும். ஆனால் ஃபேரி ராஸ்களின் உடம்பே நீலத்தை வாங்கிக் கருஞ்சிவப்பாக ஒளிரும். சொலொரென்சிஸ் என்ற இனத்தில் 2014ல் வந்த ஆய்வில், கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்க்கும் ஆண் அந்த ஒளிர்வு தெரியும்போது கூடச் சண்டைக்குப் போனது, வடிகட்டியால் மறைத்தபோது அடங்கியது. ஆக அவைக்குச் சிவப்பு தெரிகிறது.

முதல் கிழமை நீல எல்.ஈ.டி. மட்டும், பத்து வீதத்தில். மீன் வெளியே வந்து கொத்தத் தொடங்கிய பிறகு கொஞ்சம் வெள்ளை சேர். படம் எடுக்கும் ஆசையில் முதல் நாளே வெள்ளையைத் திறந்தால் மூன்று நாள் கல்லுக்குள்தான்.

காலையில் மீனைச் சுற்றிக் கண்ணாடித் தாள்போல ஒரு பை தெரிந்தால் நோய் என்று மருந்து ஊற்றாதே. இரவு தூங்கச் சளியால் கூடு கட்டும், விடிந்ததும் கிழித்துக்கொண்டு வரும்.

பெப்ரவரி 14 (ஹட்டன்)

ஹீட்டர் இரண்டு வாங்கியாகிவிட்டது அண்ணே. மூன்றையும் ஒன்றாக விடலாமா? தீனிக்கு ஆர்ட்டீமியா (பொடி இறால் வகை) முட்டை போட்டேன், இரண்டு நாளாகியும் பொரிக்கவில்லை.

பெப்ரவரி 14

பெண் இரண்டையும் முதலில் விடு, ஒரு கிழமை கழித்து ஆண். மூன்றும் பெண்ணாக வாங்கியிருந்தாலும் பெரியது ஒன்று தானாக ஆணாக மாறியிருக்கும். பெண் இல்லாமல் தனியே வைத்த ஆண் நாளடைவில் நிறம் வெளுக்கும்.

ஆர்ட்டீமியாவுக்கு 28 டிகிரி வேண்டும். அறைச் சூட்டில் போத்தலை வைத்திருப்பாய். ஒரு லீற்றருக்கு 25 கிராம் உப்பு, 2 கிராம் முட்டை, அடியிலிருந்து காற்று, மேலே வெளிச்சம். போத்தலை 28 டிகிரிக்கு ஹீட்டர் வைத்த வாளித் தண்ணிக்குள் நிறுத்து, 24 மணித்தியாலத்தில் செம்மஞ்சள் தூசியாகப் பொரிக்கும். முட்டை ஓடுகளை மிதக்கவிட்டுக் குஞ்சை மட்டும் அடியிலிருந்து எடு. இது முதல் கிழமைக்குத்தான். பிறகு உறைந்த மைசிஸ் இறாலைச் சின்னதாக நறுக்கி நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடத்தில் முடிகிற அளவு. ஒரே தடவை கொட்டினால் மீன் மெலியும், தண்ணியும் கெடும்.

பெப்ரவரி 15

மூடியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. ஃபேரி ராஸ் பாயும். விளக்கு அணைந்த முதல் பத்து நிமிடத்திலும் கரண்ட் போய் வரும்போதும்தான் கூட. கண்ணாடி மூடி போட்டால் ஒக்சிசன் கணக்கு கெடும், 8ஆம் திகதி எழுதியதைப் பார். 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள நைலோன் வலையை அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டு. நுளம்பு வலை வேண்டாம், உப்புப் படிந்து கண் அடைத்துக்கொள்ளும்.

பெப்ரவரி 15, பின்னர்

சட்டத்தை வைத்த பிறகு, ஹீட்டர் வயரும் குழாயும் இறங்கும் பின்மூலையைப் பார். அங்கே இரண்டு விரல் நுழையும் வெட்டு இருக்கும். மீன் உன் விரலைவிடக் கொஞ்சம்தான் தடிப்பம், நீளம் எட்டு சென்ரிமீற்றர் கூட வராது. பஞ்சுத் துண்டு ஒன்றை அந்த வெட்டில் இறுக்கிச் செருகிவிட்டு, பிறகு பையைத் திற.